எந்தக் கட்டத்துல போட?

இல்லைங்கய்யா, விபத்துன்னு எழுதறது மட்டும் ஒரு நர்ஸா என்னால முடியாது. தெரியாம நடந்துபோச்சுன்னு நீங்க சொன்னத டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடறேன். ஆனா உங்க பொண்ணு என்ன சொல்லுதுன்னும் அவர் கேக்கணும் இல்ல? மொதல்ல உக்காருங்க. காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கீங்க. நானும்தான்.

இந்த ஃபாரமா? பயப்படாதீங்க, பாருங்க. சாகணும்னு நெனப்பு மட்டும் வந்துதா, எப்படின்னு யோசிச்சும் வச்சாங்களா, செய்யப்போயி தானே நிறுத்திக்கிட்டாங்களா, செஞ்சே பாத்தாங்களா. சாகற எண்ணமே இல்லாம, மனசு தாங்காம உடம்ப நோகடிச்சுக்கிட்டா அதுக்குத் தனிக் கட்டம். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. யார வீட்டுக்கு அனுப்பறது, யார கண்ணு முன்னாடியே வச்சுக்கறதுன்னு இதையும் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க.

சும்மா மெரட்டத்தான் செஞ்சாளா? இப்பத்தானே தெரியாம நடந்துச்சுன்னீங்க? கோவப்படாதீங்க. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்க பொண்ணுக்குத்தான் தெரியும்.

நிச்சயம் பண்ணியிருக்கா? சரி. அதுக்காக மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இங்க வந்து ஃபைல் கேக்கப் போறாங்களா? கேட்டாலும் தர மாட்டோம்.

ஆறு வருஷம் முன்னாடி இதே வார்டுல ஒரு கணக்கு டீச்சர். முப்பது வயசுகூட ஆகல. சிரிக்கச் சிரிக்கப் பேசும். கூட வந்த அக்கா டாக்டர்கிட்ட அழுது மன்றாடி, படியில வழுக்கி விழுந்துட்டான்னு எழுத வச்சிருச்சு. ஸ்கூலுக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு பயம். கெட்ட எண்ணம் இல்லைங்க. டாக்டருக்கும் வெளிய நாப்பது பேர் காத்திருந்தாங்க. எழுதிட்டாரு. காயத்துக்கு மருந்து போட்டு மூணாம் நாள் அனுப்பிட்டாங்க. மனநல டாக்டர் மாடியிலேயேதான் இருந்தார். யாரும் கூப்பிடல. படியில விழுந்தவளுக்கு அவர் எதுக்கு?

வீட்டுக்குப் போற வழியில வண்டி ஜன்னலப் பாத்துக்கிட்டே, ஒருத்தர்கூட என்ன ஏதுன்னு கேக்கலயேக்கான்னுச்சு. அதுக்கு அக்கா, கேக்காம விட்டாங்களே, அதுவே பெரிய விஷயம், வாய மூடிட்டு வான்னுட்டா. அப்புறம் அது அந்தப் பேச்சே எடுக்கல. நாலு மாசம் ஸ்கூலுக்குப் போச்சு, வந்துச்சு, சிரிச்சுது. அஞ்சாம் மாசம் மறுபடியும் இங்கதான் கொண்டுவந்தாங்க.

இல்லைங்க. பொழைக்கல.

அழாதீங்கய்யா. உங்க பொண்ணு உள்ள முழிச்சுக்கிட்டுதான் இருக்கு. டாக்டர் வர்றதுக்குள்ள போயி பக்கத்துல உக்காருங்க. திட்டாதீங்க, புத்தி சொல்லாதீங்க. என்னம்மான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு சும்மா இருங்க. அது சொல்லட்டும்.

என்னங்க? வண்டிக்குள்ள பேசிக்கிட்டதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க?

அன்னிக்கு நான் லீவு போட்டிருந்தேன். வண்டிய ஓட்டிக்கிட்டே வாய மூடிட்டு வான்னு சொன்ன அந்த அக்கா நான்தாங்க.