முடிந்த வேலையில் இன்னொரு ஸ்டெப்

மாலை ஆறே முக்கால். கார்த்திகை மாதம், அதனால் நன்றாக இருட்டிவிட்டது. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகிற கடற்கரைச் சாலை. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் உவர்நீர் தேங்கிய வெளி. சாலையோரம் ஒரு மொபெட் தனியாக நின்றது. சாவி அதிலேயே இருந்தது. பின்னால் கட்டிய சாக்குப் பையில் ஸ்பானர்கள் இருந்தன. ஆள் இல்லை. மறுநாள் மதியம் வரைக்கும் அந்த வண்டி அங்கேயே நின்றது. போனவர்கள், வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை...

இது எனக்கு நடந்ததில்லை. பக்கத்து பிளாக் ராகவனை உங்களுக்குத் தெரியும். அவன் மனைவி ரோகிணிக்குச் சித்தி மகள் ஒருத்தி, விஜயகுமாரி. அவளுக்கு நடந்தது. ராகவனுக்குக் கதை கட்டத் தெரியாது. பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொல்லுவான். அதனால்தான் எனக்கு இன்னும் இது மனதிலிருந்து போகவில்லை. கரண்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், சொல்லிவிடுகிறேன். கார்த்தி, அந்த மெழுகுவத்தியைக் காற்று படாமல் வை.

இரண்டாயிரத்து ஐந்து. விஜயகுமாரிக்குத் திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பூஞ்சேரி கூட்டுரோட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கடற்கரை பங்களாக்கள், ரிசார்ட்டுகள் எல்லாவற்றுக்கும் கிணற்று மோட்டார், பம்பு பார்க்கிற கம்பெனி. கீழே டைல்ஸ் கடை, மாடியில் ஆபீஸ். ஆறு மணிக்கு டைல்ஸ் கடை ஷட்டர் இறங்கும். அதற்கப்புறம் அந்தக் கட்டடத்தில் அவள் மட்டும்தான். டியூப்லைட்டின் ரீங்காரம், யு.பி.எஸ். அவ்வப்போது போடுகிற 'பீப்'... வேறு சத்தம் கிடையாது.

அவளுடைய வேலை இதுதான். எங்கிருந்தாவது மோட்டார் ஓடவில்லை என்று போன் வந்தால் கம்ப்யூட்டரில் ஒரு ஜாப் போட வேண்டும். அதற்குக் கீழே ஸ்டெப்புகள் போட வேண்டும்: ஆள் அனுப்பியாச்சு, ஸ்விட்ச் அணைத்தாச்சு, ரிப்பேர் ஆச்சு, ஆள் வெளியே வந்தாச்சு. ஒவ்வொன்றாக டிக் அடிக்க அடிக்க வரி பச்சையாகும். எல்லாம் பச்சையானால் ஜாப் முடிந்தது, கீழ்ப் பட்டியலுக்குப் போய்விடும்.

அந்த சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. முடிந்துபோன ஜாப்பிலும் புதிதாக ஒரு ஸ்டெப் சேர்க்கலாம். தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று அதே வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டால், புது ஜாப் போடாமல் பழையதிலேயே ஒரு ஸ்டெப். அப்போது அந்த வரி மஞ்சளாகி, மேலே ஏறி வந்து நிற்கும். யார் பேரில் போட்டிருக்கிறதோ அவர்கள் முடிக்கும்வரை போகாது. மஞ்சள் இருந்தால் அன்றைய ரிப்போர்ட் மேனேஜருக்குப் போகாது. ரிப்போர்ட் போகாமல் ஆபீஸைப் பூட்டக்கூடாது. அது மேனேஜர் கோபாலகிருஷ்ணன் போட்ட சட்டம். அவள் ஊருக்குக் கடைசி பஸ் ஏழரைக்கு.

மெக்கானிக்குகளில் கண்ணாயிரம் என்று ஒருவர். நாற்பது வயதைத் தாண்டியவர். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். வீட்டில் காத்திருக்க ஆள் இல்லாததால், வேலை முடிந்தாலும் ஆபீஸுக்கு வந்து டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கம்ப்யூட்டரைக் கிண்டல் செய்வதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"இன்னா தங்கச்சி, உன் மெஷினுக்கு இன்னொரு ஸ்டெப்பு துன்னக் குடுக்கணுமா? குடுத்துட்டுப் போ, பாவம், பசிக்கப் போவுது."

"மொதல்ல கையக் கழுவுங்கண்ணா. டம்ளர் பூரா கிரீஸு."

"கெடக்கட்டும். யார் குடிச்சதுன்னு தெரிய வாணாமா?"

மிஸ்டு கால் உங்களுக்குத் தெரியும். பேசினால் காசு, ஒலித்துவிட்டு வைத்தால் இல்லை. எல்லாரும் அதற்கு ஒரு அர்த்தம் வைத்திருக்கிறோம். அந்தக் கம்பெனியில் மெக்கானிக் கிணற்றிலிருந்து வெளியே வந்ததும் விஜயகுமாரியின் செல்லுக்கு ஒரு மிஸ்டு கால் தருவார். ஒரே மணி. அவள் எடுக்கமாட்டாள். எடுத்தால் பாவம், அவருக்குக் காசு போகும். மணி ஒலித்தால் கடைசி ஸ்டெப்பை டிக் அடிப்பாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு, அந்தக் கார்த்திகை மாலையில், கண்ணாயிரம் சவுக்குத் தோப்புக்குள் ஒரு பங்களாவுக்குப் போயிருந்தார். சென்னைக்காரர்கள் பங்களா, பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் ஊருக்குப் போயிருந்தான். ஆறே முக்காலுக்கு விஜயகுமாரியின் செல் ஒலித்தது. 'கண்ணாயிரம் அண்ணா' என்று பெயர் மின்னியது. ஒரு மணி... இரண்டு... மூன்று. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அவள் கட்டை விரல் பச்சைப் பட்டனின் மேல் இருந்தது. அண்ணனுக்கு இன்றைக்குக் கட் பண்ண மறந்துவிட்டது போல என்று நினைத்துச் சிரித்தாளாம். அதற்குள் நின்றுவிட்டது. ஜாப்பைப் பச்சையாக்கினாள், பூட்டினாள், பஸ் பிடித்தாள்.

உப்புக் காற்றில் அரித்த இரும்புக் கம்பி. கிணற்றுச் சுவரில் பதித்திருப்பார்களே, கால் வைத்து இறங்க... அதில் ஒன்று கையோடு வந்துவிட்டது. கண்ணாயிரம் உள்ளே விழுந்து, கால் முறிந்து, மார்பளவு தண்ணீரில் கிடந்திருக்கிறார். மறுநாள் வாட்ச்மேன் வந்துதான் பார்த்தான். செல்போன் தண்ணீருக்கு அடியில் இருந்தது. நள்ளிரவு வரைக்குமாவது உயிர் இருந்திருக்கும் என்று செங்கல்பட்டில் டாக்டர் சொன்னார்.

விஜயகுமாரியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோபாலகிருஷ்ணன் திரையில் பச்சை வரியைக் காட்டினார். ஜாப் க்ளோஸ் ஆனதற்கு அப்புறம் நடந்தது நம் பொறுப்பில் வராது என்றார். வேறு வேலையாக உள்ளே இறங்கியிருப்பான், தண்ணி போட்டிருப்பான் என்று ஊரிலும் அப்படியே பேசிக்கொண்டார்கள். மறுத்துச் சொல்ல அவருக்கென்று ஒருவரும் இல்லை. மூன்று தடவை மணி ஒலித்ததை விஜயகுமாரியும் சொல்லவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். மார்கழி. ஆறே முக்கால் இருக்கும், ரிப்போர்ட் அனுப்பப் போனாள். போகவில்லை. மேலே ஒரு மஞ்சள் வரி நின்றது. அதே பங்களா, அதே ஜாப். கீழே புதிதாக ஒரு ஸ்டெப். நாம் எஸ்.எம்.எஸ். அனுப்புகிற மாதிரி ஆங்கில எழுத்தில் தமிழ்.

'போனை எடு.'

யார் முடிக்க வேண்டும் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. யார் சேர்த்தது என்ற இடம் காலி.

எவனோ விளையாடுகிறான் என்று டிக் அடித்தாள். பச்சையானது. பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். மஞ்சள். மறுபடி டிக் அடித்தாள். பச்சை... மஞ்சள். அப்போதுதான் வாசனை வந்தது. ஈரச் செங்கல், பாசி, மோட்டார் கிரீஸ். மாடி அறை. சுற்றுவட்டாரத்தில் கிணறே கிடையாது. வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினாள்.

("கம்ப்யூட்டர்ல பேயா? ஆன்ட்டி வைரஸ் போட்டா சரியாப்பூடுமே" என்கிறான் கார்த்தி. சிரித்துக்கொள்ளுங்கள். அவளும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தாள்.)

சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த ஷ்யாம் சென்னையில் இருந்தான். மறுநாள் காலை அவனைக் கூப்பிட்டாள். முடிந்த ஜாப்பில் ஸ்டெப் சேர்வது தப்பில்லை மேடம், நீங்கள் கேட்டுத்தான் வைத்தோம் என்றான். வேண்டாமென்றால் நிறுத்திவிடுகிறேன் என்று அன்று மதியமே நிறுத்தினான். சோதித்துப் பார்த்தாள். முடிந்த எந்த ஜாப்பிலும் எதையும் சேர்க்க முடியவில்லை. நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் மஞ்சள் வரி வந்தது. 'போனை எடு.' கூடவே அவள் செல் ஒலித்தது.

'கண்ணாயிரம் அண்ணா.'

ஒரு மணி... இரண்டு... மூன்று. நின்றது. அவள் எடுக்கவில்லை. மேஜை டிராயருக்குள் போட்டு மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. அன்றைக்கு அவள் அப்பா சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் எடுத்தாள். ஏன் எடுத்தாய் என்று ராகவன் கேட்டிருக்கிறான். அன்னிக்கே எடுத்திருக்கணும், அதான், என்றாளாம்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தண்ணீர்ச் சொட்டு. ஆழத்தில் விழுகிற சொட்டு, விழுந்ததும் சுற்றிலும் எதிரொலிக்கிற சத்தம். அப்புறம் மூச்சு. அப்புறம் மெதுவாக, கோபமே இல்லாமல்...

"தங்கச்சி... முடிஞ்சிட்ச்சின்னு போட்டுட்டியா?"

"ஆமாண்ணா" என்றாள்.

சொட்டு. சொட்டு.

"செரி, வுடு. இன்னொரு ஸ்டெப்பு போடு. நான் ஏறி வர்ற வரிக்கும் லைன்ல இரு. இங்க யாரும் இல்ல."

ஷ்யாம் அடைத்துவைத்த ஜாப் அது. அவள் தட்டினாள், ஏற்றுக்கொண்டது. 'ஆள் ஏறி வரும்வரை லைனில் இருக்கவும்.' முடிக்க வேண்டியவர்: விஜயகுமாரி. போட்டது: விஜயகுமாரி. காதில் ஒரு இரும்புச் சத்தம். 'டங்'. ஒரு கம்பி ஏறியிருக்கிறார். வெகுநேரம் கழித்து இன்னொரு 'டங்'. பிறகு 'சர்ர்' என்று ஒரு உராய்வு, 'தொபீல்' என்று தண்ணீர். லைன் அறுந்தது.

மறுநாளும் அதே நேரம். மறுநாளும்.

அந்த மஞ்சள் வரி பச்சையாகவே இல்லை. ரிப்போர்ட் போகாததற்காக கோபாலகிருஷ்ணன் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். பிறகு வந்த பெண் உட்கார்ந்தபோது திரையில் மஞ்சள் எதுவும் இல்லையாம். அது விஜயகுமாரி பேரில் இருந்த ஸ்டெப், அவளோடு போய்விட்டது. கம்பெனியே பிறகு மூடிவிட்டது, கம்ப்யூட்டர்கள் பழைய சாமான் கடைக்குப் போயின. போன் வருவது மட்டும் நிற்கவில்லை. நம்பர் மாற்றினாள், வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு சாயங்காலம் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். அந்த இடம் தட்டிப்போனது. அடுத்ததும். யாரும் இல்லாத ஒரு மனிதனுக்காக, மெல்ல மெல்ல அவளும் யாரும் இல்லாதவளானாள். தினமும் ஆறே முக்காலுக்குக் காதில் செல்லை வைத்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருப்பாள். சில நாள் பத்துக் கம்பி வரைக்கும் கேட்குமாம். பிறகு சறுக்கல். மறுபடி அடியிலிருந்து.

நான்கு வருஷம்.

போன மாதம் ரோகிணியைப் பார்க்க இங்கே வந்திருந்தாள். சாயங்காலம், பின்பக்கப் படிக்கட்டு. விஜயகுமாரி காதில் செல். ராகவன் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான். திடீரென்று விஜயகுமாரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அந்த நேரத்தில் பேசி அவன் கேட்டதே இல்லை. அன்று பேசினாள்.

"மெதுவாண்ணா... இன்னும் ஒண்ணுதான். கைய வுட்டுறாத."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளாகவே போனைக் கட் செய்தாள். நான்கு வருஷத்தில் முதல்முறை. செல்லை மடியில் வைத்தாள். படிக்கட்டில் கொஞ்சம் தள்ளி, பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம்விட்டு உட்கார்ந்தாள்.

ராகவன் யாரையும் பார்க்கவில்லை. வாசனை மட்டும் வந்தது என்கிறான். ஈரச் செங்கல், பாசி.

"அக்கா" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள் விஜயகுமாரி, "இன்னொரு டம்ளர் டீ."

ராகவனுக்குத்தான் கேட்கிறாள் என்று ரோகிணி நினைத்தாள். கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனாள். ராகவன் அதைத் தொடவில்லை. இருட்டினதும் எல்லோரும் உள்ளே வந்து படுத்துவிட்டார்கள்.

காலையில் ரோகிணி டம்ளரை எடுக்கப் போனாள். டீ காலியாகியிருந்தது. அது பூனையாகக்கூட இருக்கலாம்.

எவர்சில்வர் டம்ளர். பளபளவென்று தேய்த்து வைக்கிற வீடு. ஒரு பக்கம் கட்டை விரல், மறுபக்கம் நான்கு விரல்... கறுப்பாக, கிரீஸ்.