டிரைவின் மேல் குற்றமில்லை

கம்ப்யூட்டர் தகவல்களைச் சேமித்துவைக்கும் உங்கள் கம்பெனி டிரைவைப் பற்றி முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சூடாகாது, சட்டென்று படுத்துக்கொள்ளாது. என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களுக்கு எட்டு வருடமாக அதைத்தான் சொல்கிறேன். என் தம்பி மனைவி உங்களுக்கு எழுதிய புகார் தப்பு. செய்யாத குற்றத்துக்கு டிரைவ் பழி சுமக்க வேண்டாம்.

தம்பி போன வருடம் இறந்தான். படுக்கையில் கிடந்த பதினொரு மாதத்தில் தன் மகளுக்காக நாற்பத்து மூன்று குரல் பதிவுகள் செய்து வைத்தான். அப்போது அவளுக்கு இரண்டு வயது. வளர்ந்தபின் கேட்கட்டும் என்று செய்தது. அவன் மனைவி வேறு எதையோ அழிக்கப் போய் அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டாள். வேறு பிரதி கிடையாது. மறுநாள் கடை திறக்கும் முன்பே டிரைவோடு வாசலில் நின்றாள்.

“மாமா, அவர் குரல் போயிருச்சு. எப்படியாவது எடுத்துக் குடுங்க.”

“எடுத்துரலாம். அழாதம்மா.”

முடியும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஒன்றை அழித்தால், ‘இந்த இடம் இனி வேண்டாம், துடைத்துவிடு’ என்று கம்ப்யூட்டரிலிருந்து டிரைவுக்கு ஒரு கட்டளை போகும். அதற்குப் பெயர் டிரிம். உங்களுக்குத் தெரியாததா. ஆனால் அவள் டிரைவைப் போட்டு, வயர் மூலம் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்திருந்த வெளிப்பெட்டி அரதப் பழசு. அந்தக் கட்டளையை அது உள்ளே விடாது. அதனால் எதுவும் துடைபடவில்லை. எங்கள் தொழில் முறைப்படி முழு டிரைவையும் பிரதி எடுத்து, பிரதியில் தேடினேன். மதியத்துக்குள் நாற்பத்து மூன்றும் கிடைத்துவிட்டன.

திறக்கிறதா என்று பத்து விநாடி பார்த்தால் போதும். நான் முழுதாகக் கேட்டேன். இரண்டு நாள் ஆயிற்று.

எல்லோரையும் பற்றிப் பேசியிருந்தான். மனைவியின் கோபம், எதிர்வீட்டு நாய், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அம்மாள் பாடுகிற பாட்டு. வாரம் இரண்டு முறை அவனைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்து ஓட்டிப் போனவன் நான். அவன் வாந்தியைக் கழுவியவன் நான். பதினேழாவது பதிவில் ஓர் இடம் வருகிறது: “வண்டி வந்துச்சு, கிளம்பிட்டேன்.” வண்டி வந்ததாம். தானே வந்ததாம்.

கடைசிப் பதிவு வரை பொறுமையாகத்தான் இருந்தேன். அதில் சொல்கிறான்: “உனக்கு யாருமில்லைன்னு நினைக்காத கண்ணு. அம்மா இருக்கா.” அதோடு முடிந்தது. இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்பார்கள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவன் ராஜா, நான் கறிவேப்பிலை. செத்த பிறகும் அதையே தன் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தான். அவனை நான் வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன்.

பிரதியை அழித்தேன். பெட்டியிலிருந்து டிரைவைக் கழற்றி, நேராக என் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் சொருகி, டிரிம் கட்டளையை என் கையாலேயே அடித்தேன். நாலு விநாடிகூட ஆகவில்லை.

உங்கள் மாடல் டிரைவுக்குள் பழைய மென்பொருள் இருந்தால், சில போர்டுகளில் டிரிம் வரும்போது தப்பான இடத்தைத் துடைத்துவிடும் என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டேன்.

“டிரைவுக்கும் போர்டுக்கும் ஒத்துப்போகலம்மா. எல்லாத்தையும் துடைச்சிருச்சு.”

கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். “உங்களுக்குத்தான் வீண் சிரமம் மாமா” என்றாள். அவள் கம்பெனி வரை போவாள் என்று நான் நினைக்கவில்லை. அந்த டிரைவில் இருப்பது குறை நீக்கிய புது மென்பொருள் என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். வியாழக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு நான் அடித்த கட்டளையும் என் கம்ப்யூட்டர் தானாகக் குறித்துவைக்கும் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. மறுக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் குழந்தைக்கு இதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் மடியில் உட்கார்ந்து கேட்டாள்.

“பெரியப்பா, அப்பா எப்படிப் பேசுவாரு?”

“என்னை மாதிரியேதான்.”

“அப்போ அப்பா மாதிரி பேசுங்க.”

குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, தம்பி சொல்ல மறந்ததைச் சொன்னேன்.

“பெரியப்பா மட்டும் இல்லைன்னா அப்பா என்ன பண்ணியிருப்பேனோ தெரியல கண்ணு.”