நடத்தை: இயல்பு

இரவு மணி பதினொன்றே முக்கால்... ஆள் நடமாட்டமில்லாத ரோடு. ஒரே ஒரு ஸ்கூட்டர்.

இது நம்மில் ஒருவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. யாருடைய சித்தப்பா என்று கேட்காதீர்கள். அவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டவனாகவும் இருக்கலாம்.

மருந்துக் கம்பெனியின் மதில் முடிந்தால் அப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு வீடே கிடையாது. விளக்குக் கம்பங்கள் ஏழு. எரிவது மூன்று. மூன்றாவதற்குக் கீழே... நடு ரோட்டில்... ஒரு நாய்.

சித்தப்பாவுக்கு நாய் என்றால் பயமில்லை. அவர் சம்பளமே நாயால்தான். கம்பெனியின் விலங்குக் கூடத்தில் பதினோரு வருஷமாகப் பராமரிப்பாளர், இரண்டாவது ஷிஃப்ட். ஆனால் இந்த நாய் குரைக்கவில்லை, நகரவில்லை. உட்கார்ந்தபடியே வலது முன்காலைத் தூக்கி நீட்டிக்கொண்டிருந்தது. காலில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு முடி மழித்திருந்தது.

அந்தக் கால்... லேசாக நடுங்கியது.

சித்தப்பா வண்டியை நிறுத்திவிட்டார். நாயின் பெயர்கூட அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை. பன்னிரண்டு நாளைக்கு முன்னால், அது சாகும்போது மடியில் பிடித்துக்கொண்டிருந்ததே அவர்தான்.

விலங்குக் கூடத்தில் நாய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. காதில் பச்சை குத்திய எண் மட்டும்தான். பெயர் வைத்தால் பாசம் வந்துவிடுமாம். பாசம் வந்தால் புள்ளிவிவரம் கெட்டுவிடுமாம். எட்டு நாய்களில் இது மட்டும் ரத்தம் எடுக்க ஆள் வந்தாலே தானாகக் காலை நீட்டிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். “பாரு, கடிகாரம் கட்டிவிடச் சொல்ற மாப்பிள்ளை மாதிரி!” என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னார். ஒட்டிக்கொண்டது.

எட்டு நாய்க்கும் ஒரு புது வலி மாத்திரை. நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்து மனிதர்களுக்கு. இதையெல்லாம் சரிபார்க்க ஒரு நெறிமுறைக் குழு உண்டு. ஏழு பேர். அதில் ஒருவர் வெளியாள்... மனசாட்சிக்காக. அந்தக் குழு நல்ல காரியமும் ஒன்று செய்திருந்தது. ஆராய்ச்சி முடிந்ததும் எட்டில் ஒரு நாயை, முழு ஆரோக்கியமாக இருந்தால், வீட்டில் வளர்க்கக் கொடுத்துவிடலாம்.

சித்தப்பா மனு எழுதிக் கொடுத்தார். ஏழு வயது மகள் தன்னுடைய பழைய போர்வையை மடித்துக் கதவோரம் போட்டுவிட்டு, தினமும், “எப்பப்பா வருவான்?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் அது தொடங்கியது. கடைசி வாரம், ராத்திரி பத்து மணி. டெட்டால் வாசனை, ஈர முடி வாசனை. டியூப்லைட்டின் ‘ஙொய்ய்’... அதற்கு நடுவே ‘டக டக டக’ என்று தட்டு நடுங்குகிற சத்தம். போய்ப் பார்த்தால் மாப்பிள்ளையின் வலது கால் தானாகத் துடித்து, பக்கத்திலிருந்த சாப்பாட்டுத் தட்டில் அடித்துக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம். அப்புறம் நின்றுவிட்டது. காலையில் கூடத்தின் கால்நடை டாக்டரம்மா வந்து பார்க்கும்போது ஒன்றுமே இல்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

பதிவேட்டில் எழுத வேண்டும். அது அவர் வேலை. எழுதினால் நாய் ஆரோக்கியமில்லை. ஆரோக்கியமில்லை என்றால் வீடு இல்லை. கதவோரம் போர்வை கிடக்கிறது. சித்தப்பா பேனாவை எடுத்து, மூன்று ராத்திரியும் ஒரே வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நடத்தை: இயல்பு.

ஆராய்ச்சி முடிகிற நாளில் டாக்டரம்மா கூப்பிட்டார். “அறுத்துப் பாக்க எட்டு கல்லீரலும் வேணுமாம். திட்டத்துல திருத்தம் போட்டு அனுப்பிட்டாங்க. குழுவும் ஓகே சொல்லிடுச்சு.”

“மேடம், ஒண்ண வீட்டுக்குத் தர்றதா...”

“நானும் கேட்டேன்பா. ஒன்பது நிமிஷத்துல மீட்டிங்கே முடிஞ்சிடுச்சு. நான் என்ன பண்ண?” அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “நீ புடிச்சா அடங்கி இருக்கும். நீயே புடிச்சுக்கோ.”

ஊசி போடும்போது அழுத்திப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது தானாகக் காலை நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கல்லீரல் சுத்தமாக இருந்தது. நடுக்கம் கல்லீரலிலா இருக்கும்?

இதுதான் கதை. இப்போது மறுபடி ரோட்டுக்கு வாருங்கள்.

அன்றைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு நாலு கிலோமீட்டர் சுற்றி வீட்டுக்குப் போனார். மறுநாள் அந்தச் சுற்று வழியிலேயே உட்கார்ந்திருந்தது. எந்த வழியாகப் போனாலும் அங்கே இருந்தது. கடித்திருந்தால் பரவாயில்லை. உறுமியிருந்தால்கூட நிம்மதி. அது காலை நீட்டியது... அவ்வளவுதான். ராத்திரிக்கு ராத்திரி நடுக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனது. பக்கத்தில் தட்டு எதுவும் இல்லை. ஆனாலும் ‘டக டக டக’ கேட்டது.

ஆறாம் நாள் சித்தப்பா நேராக டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பேயைத் தவிர.

டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினார். “மூணு நாளும் ‘இயல்பு’ன்னு இருக்கே. கையெழுத்து உன்னுதுதானே?”

“பொய் மேடம். நான் எழுதினது பொய்.”

“அறிக்கை மேல போயாச்சுப்பா. சரி, எழுதிக் குடு, அனுப்பி வைக்கிறேன்.”

எழுதிக் கொடுத்தார். அனுப்பியும் வைத்தார்கள். பதில் வந்தது. நாய் விடுவிக்கப்படாததால் ஏமாற்றமடைந்த ஊழியர், காழ்ப்பில் கூறும் தகவலைக் கணக்கில் கொள்ள இயலாது. இனி விலங்குக் கூடம் வேண்டாம், வாசல் காவலுக்கு மாற்றலாம். கருணை அடிப்படையில் சம்பளத்தில் மாற்றமில்லை.

அன்று ராத்திரி மூன்றாவது விளக்குக்குக் கீழே மாப்பிள்ளை தனியாக இல்லை.

பக்கத்தில் ஒரு ஆள், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. நீலக் கட்டம் போட்ட சட்டை. வலது கையை முழங்கைக்கு மேலே அழகாக மடித்துவிட்டிருந்தான். கையை நீட்டிக்கொண்டிருந்தான். கை நடுங்கியது. இரண்டு பேரும் ஒரே தாளத்தில்...

டக டக டக.

முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

சித்தப்பா மூளையைப் போட்டுக் கசக்கினார். இந்த மாத்திரையை எந்த மனிதனுக்கும் இன்னும் கொடுக்கவில்லையே? அதற்குத் தேதியே அடுத்த மாதம்தானே? அப்படியானால் இவன்... செத்தவனில்லையே.

மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமை, காலை எட்டு மணி. நல்ல வெயில். கம்பெனி வாசலில் தன்னார்வலர்களின் வரிசை. காவல் நாற்காலியிலிருந்த சித்தப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது ஆளுக்குப் புருவத்துக்கு மேலே தழும்பு. நீலக் கட்டம்.

ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தார். “தம்பி, போயிடு. இது வேணாம். சொன்னா கேளு, அந்த மாத்திரை சரியில்ல. நான் பாத்தேன்.”

அவன் சிரித்தான். பாவம், நல்ல பையன்.

“பயப்படாதீங்கண்ணே. எல்லாத்தையும் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றான், வலது சட்டைக் கையை மடித்துக்கொண்டே. “நாய்ங்களுக்குக் குடுத்துப் பாத்தாச்சாம். மூணு மாசம். ராத்திரிகூட ஒருத்தர் பக்கத்துலயே இருந்து பாத்து எழுதியிருக்காராம்ணே... ஒண்ணுமே ஆகலையாம்.”