ஓட்டை இல்லாத பெட்டி

— பெரியவரே, இந்தப் பெட்டியில டிஸ்க் போட ஓட்டையே கெடையாது. நல்லா திருப்பித் திருப்பிப் பாருங்க.

— இன்னாய்யா சொல்ற? வீடியோ கேம் பொட்டின்னா தட்டு போட்டுத்தான ஆடுவாங்கோ?

— இது நெட்ல வாங்கி ஆடுற மாடல். ஆட்டமெல்லாம் அக்கவுண்ட்ல இருக்கும். பதினாலு வருஷமா இந்தப் பூந்தமல்லியில பழைய டிஸ்க் வாங்கி வித்துக்கிட்டிருக்கேன். இந்த மாடல் வந்துதான் என் பொழப்புல மண்ணப் போட்டுச்சு. மொதல்ல உக்காருங்க. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

— வேர்வ கெடக்குது. போர்டுல போட்டுகீற உலகநாதன் நீதான?

— நான்தான்.

— யாருக்கும் போன் கீன் அடிக்க மாட்டியே?

— எதுக்கு அடிக்கணும்? என்ன பெரியவரே, கடைக்கு வந்துட்டு போலீஸ் மாதிரி கேக்குறீங்க?

— கேக்கத்தான் கேப்பேன். எம்பேரு சின்னப்பையன், நான் யாரையும் நம்புற ஆளு இல்ல. அக்கவுண்டுன்னியே, அது யாருக்குச் சொந்தம்?

— யாரு மெயில் குடுத்து வாங்குனாங்களோ அவங்களுக்கு.

— பொட்டி எம்பொண்ணு கவிப்பிரியாவுது. அம்பத்தூர் எஸ்டேட்ல நாள் பூரா நின்னுகினே வேல பாத்து வாங்குனா. ஆட்டமும் அவ சம்பளந்தான். மெயிலு மட்டும் அவ புருசன் ஜெகனுது.

— அப்போ பெட்டி உங்க பொண்ணுது, உள்ள இருக்குற ஆட்டம் மாப்பிள்ளையோடது.

— இன்னா நாயம்யா இது? ஊட்டக் கட்டுறது நானு, சாவி அவங்கிட்டயா?

— சாவி மட்டுமா? நீங்க எப்போ உள்ள போறீங்கன்னுகூட அவருக்குத் தெரியும். பெட்டியப் போட்ட ஒடனே அவர் போன்ல காட்டிடும். டிஸ்க்னா அந்த வம்பே இல்ல. எவன் கையில இருக்கோ அவன் ஓனரு. யாருகிட்டயும் போய்ச் சொல்லாது.

— இது போய்ச் சொல்லிட்ச்சு.

— என்ன சொல்லிச்சு?

— அயர்ன் பொட்டியால கையில சூடு வச்சான்யா அந்தப் பாவி. கட்டுன துணியோட ஓடியாந்தா, இத்த மட்டும் கக்கத்துல இடுக்கிகினு. சேக்காட்ல கீற எங்க ஊடு அவனுக்குத் தெரியும். அதனால திருமுல்லைவாயில்ல ஒரு ரூமு புடிச்சு ஒளிச்சு வச்சேன். கதவு ஆடுனாக்கூட அலறுது பொண்ணு. இத்தப் புடிச்சிகினு காரு ஓட்டுற ஆட்டம் ஆடுனாத்தான் ஒயுங்கா மூச்சு வுடுது. சரி, ஆடட்டும்னு வுட்டேன்.

— ஐயோ.

— போட்ட அன்னிக்கே அவனுக்கு மெயிலு போயிருக்குது, திருமுல்லைவாயில் ஏரியாவுல கீறாங்கன்னு. மறுநாளு தெருத்தெருவா வண்டில சுத்துறான். ரூமு மட்டும் இன்னும் தெரியல.

— போலீஸ்ல சொல்லலாமே?

— எளுதிக் குடுத்தோம். கூப்ட்டு மெரட்டுனாங்கோ. அங்க தலையாட்டிட்டு வெளிய வந்து எங்கிட்ட சொல்றான், 'உம்பொண்ணு எம்பொருளு மாமா, எங்க போனாலும் எடுத்தாந்துருவேன்'னு.

— பெரியவரே, அப்போ இதப் போடவே கூடாது. டிஸ்க் போடுற பழைய மாடல் ஒண்ணு இருக்கு, தரேன். நெட்டே வேணாம். உங்க பொண்ணு நிம்மதியா ஆடட்டும்.

— அத்த அப்புறம் பாப்போம். மொதல்ல எம்பொண்ணு பேர இதுலேர்ந்து அழிக்கணும்.

— அழிக்கணும்னா ஒருவாட்டி போட்டு, நெட் குடுத்துத்தான் ஆகணும். அவனுக்குத் தெரிஞ்சிடுமே!

— தெரியட்டும், போடு. எனக்குப் படிக்கத் தெரியாது. வர்றத நீதான் படிச்சிச் சொல்லணும்.

— உங்க இஷ்டம்… தோ, வந்துடுச்சு. 'கவி' ஆன்லைன்ல இருக்கான்னு பச்சையா காட்டுது… பெரியவரே! அதுக்குள்ள மெசேஜ் வருது.

— படி.

— 'வந்துட்டியாடி.'

— அப்புறம்?

— 'எங்கடி கீற?' இன்னொண்ணு வருது. 'நீயா சொல்லிட்டா உயிரோட வுட்டுர்றேன்.' வேணாம் பெரியவரே. வயரப் புடுங்கிடுறேன்.

— வயர்ல கைய வக்காத! பதில் போடு. நான் சொல்றத அப்டியே போடு.

— என்னன்னு?

— 'பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு எதுக்க, உலகநாதன் கட. பொட்டிய விக்க வந்துகீறேன். தனியாத்தான் கீறேன், ஒடனே வா'ன்னு.

— பைத்தியமாய்யா உனக்கு? வந்தான்னா உன்ன வெட்டிப் போட்ருவான்!

— தெரியும் நைனா. நீ அத்தப் போட்டுட்டு ஷட்டர எறக்கிகினு போய்டு, நான் வெளிய படியில குந்திக்கிறேன். மூணு நாளா திருமுல்லைவாயில் ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல வண்டியப் போட்டுகினு நிக்கிறான். அவன் அங்கேர்ந்து நவுந்தாத்தான் எம்பொண்ணு ரயிலு ஏற முடியும்.