சிவப்புதான் முதலில் அணையும்

மாலை ஆறே முக்கால். வெளிவட்டச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோடு. நெமிலிச்சேரிக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர்... ஒரு நாய்கூட இல்லை. நாய் இல்லாத ரோட்டை நம் பக்கத்தில் யாராவது பார்த்ததுண்டா?

என்னோடு வேலை பார்த்த கலியமூர்த்தியின் மருமகன் ஜெகதீசனுக்கு நடந்தது இது. கரையான்சாவடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். அன்று மனைவி பானுப்பிரியாவுக்கு வளைகாப்பு. தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். உறவுக்காரர்கள் வேனில் முன்னே போய்விட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சியை வெளியே கூட்டிப் போகாதே என்று நாற்பது பேர், இல்லை, நானூறு பேர் சொன்னார்கள். கேட்டானா? பைக்கில் ஏற்றிக்கொண்டான்.

“பேயாவது பிசாசாவது... எல்லாம் கண்ணு பண்ற வேலை பானு. உன் பொடவையப் பாரு. காலைல ரத்தச் செவப்பு. இப்ப இன்னா கலரு?”

“கறுப்பா கீது.”

“அதான். வெளிச்சம் கொறைஞ்சா கண்ணுக்கு மொதல்ல செத்துப்போறது செவப்புதான்.”

“வயித்துல புள்ளைய வெச்சிகினு கீறேன், சாவுப் பேச்சு எதுக்கு? ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

சாலைக்குக் குறுக்கே தோண்டிப் போட்ட பள்ளம். ஆள் உயரம்... இரண்டு ஆள் உயரம். மேலே ஒரே ஒரு பலகை. அவளை இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் முதலில் தாண்டினான். க்ரீச்... க்ரீச். ஸ்டார்ட் செய்தான். பின்னால் பாரம் உட்கார்ந்தது. தோளில் ஒரு கை.

“ஏறிட்டியா?”

“ம்.”

கிளம்பினான். கால் கிலோமீட்டர்... அரை கிலோமீட்டர். நன்றாக இருட்டிவிட்டது. காலையிலிருந்து அவள்மேல் கமழ்ந்த சந்தன வாசனையைக் காணோம். தூர்ந்துபோன கிணற்றின் வாடை. திரும்பத் தைரியமில்லை. சைடு மிரரைப் பார்த்தான்.

முந்தானை படபடத்தது. சிவப்பு. அந்த இருட்டில்... அடுப்புத் தணலைப் போலச் சிவப்பு.

அப்படித் தெரியவே கூடாதே! தானாக எரிந்தால் ஒழிய...

சட்டைப்பையில் போன் அடித்தது. வண்டியை நிறுத்தப் பயந்து, ஓட்டிக்கொண்டே காதில் வைத்தான். முதலில் கண்ணாடி வளையல்களின் கலகலப்பு. பிறகு பானுப்பிரியாவின் அழுகை.

“இன்னாங்க, வெளையாடுறீங்களா? நான் இன்னும் பலகையே தாண்டல... என்ன உட்டுட்டு எங்க போயினே கீறீங்க?”

தோளில் இருந்த கை மெல்லக் கழுத்துக்கு நகர்ந்தது. பின்னாலிருந்து, அதே பானுப்பிரியாவின் குரல்... செல்லமாக...

“போன்ல யாருங்க?”