பதினேழாம் எண் முட்டைக்குக் கால் முளைத்த கதை

இன்று ஜூன் முப்பது. எனக்கு வயது எழுபத்தொன்பது ஆண்டு, நான்கு மாதம், பதினோரு நாள். ஒலிவாங்கியைக் கையில் தந்தவர் "ரெண்டே நிமிஷம்மா" என்றார். பார்ப்போம்.

நான் வாய் திறக்குமுன்பே கண்ணயர்ந்துவிட்ட அவைத்தலைவர், முன்னாள் இயக்குநர் அவர்களே! நுண்ணோக்கியில் நுணுக்கம் கண்டு, எதிரே வரும் மனிதரைக் காண மறந்த பேராசிரியப் பெருமக்களே! பிள்ளை பிறந்தவுடன் விரல்களை எண்ணிப் பார்த்த தாய்மார்களே! முப்பத்தெட்டு ஆண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் ஆய்வகப் பணியாளரே, 'பதினேழு' என்று எல்லோரும் அழைக்கும் அருமைத் தம்பியே! வணக்கம்.

தாய்மார்களே, நீங்கள் எண்ணிய விரல்களை வரிசையில் நிறுத்தியவர் யார்? கருவில் கை என்பது முதலில் ஒரு மொட்டு. மொட்டின் பின்னோரத்தில் ஒரு சிட்டிகை உயிரணுக்கள். அவற்றுள்ளே ஒரு மரபணு, விஞ்ஞானிகள் வைத்த பெயர் முள்ளெலி. அது கூவுகிறது, ஓயாமல் கூவுகிறது! காதருகே கேட்டது சுண்டுவிரல் ஆகிறது. அரைகுறையாய்க் கேட்டது நடுவிரல். காதிலேயே விழாமல் தூரத்தில் நிற்பது கட்டைவிரல். ஏனம்மா சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக் கட்டைவிரல் பக்கத்து நாற்காலியிலா இருக்கிறார்?

கூவும் கூட்டத்தை வெட்டி எதிர் ஓரத்திலும் ஒட்டினால்? இரு பக்கமும் கூவல்! மூன்று விரல் முளைக்க வேண்டிய கோழிச் சிறகில் ஆறு விரல், கண்ணாடிப் பிம்பம் போல! முப்பத்தெட்டு ஆண்டுக்கு முன் இதே ஆய்வகத்தில் நானும் என் சக ஆய்வாளர்களும் அதைத்தான் செய்தோம். முட்டை ஓட்டில் சன்னல் வெட்டி, ஒட்டி, நாடாவால் மூடி, பென்சிலால் எண் எழுதி அடைகாப்புப் பெட்டியில் வைப்போம். பத்தாம் நாள் கருவை எடுத்துவிட வேண்டும்; குஞ்சு பொரிக்கவே கூடாது என்பது அன்றைய இயக்குநரான நம் தலைவரின் கட்டளை. பெட்டிக்குப் பொறுப்பு, புதிதாய்ச் சேர்ந்திருந்த தம்பி. ஒரு காலை, இருபத்து நான்கில் ஒன்றைக் காணோம். இயக்குநரே வந்து தம்பியை விசாரித்தார்.

"பதினேழாம் நம்பர் எங்கப்பா?"

"தெரியலைங்க சார். நேத்து எண்ணும்போது இருந்துச்சு."

"அப்போ கால் முளைச்சு நடந்து போச்சா?"

"அதுக்குத்தானே சார் அடைகாக்கிறோம்?"

முட்டைக்காக அல்ல, அந்தப் பதிலுக்காகவே பணிப்பதிவேட்டில் 'முட்டை திருடியவர்' என்ற வரி ஏறியது. ஐந்து முறை பதவி உயர்வு கேட்டார். ஐந்து முறையும் அந்த வரி குறுக்கே நின்றது. இன்று அவர் பேத்தியே "பதினேழு தாத்தா" என்கிறாள். இன்று மாலை ஐந்து மணிக்குப் பதிவேட்டை மூடிவிடுவார்கள், அந்த வரியோடு.

பின்வரிசையில் யாரது? "டீ ஆறுதும்மா!" ஆறட்டும் ஐயா.

கூவ வேண்டிய நேரத்தில் முள்ளெலி கூவாவிட்டால் கை ஒற்றை விரலோடு நின்றுவிடும். பேச வேண்டிய நாளில் ஒருத்தி பேசாவிட்டால்?

திருடியவள் நான்.

பத்தாம் நாள் சன்னல் வழியே அது ஆறு விரலையும் அசைத்தது. கருணை என்று கைதட்டாதீர்கள், வெறும் ஆவல். கைப்பையில் போட்டுக் கொண்டுபோய் மேசை விளக்கடியில் வைத்தேன். பதினோரு நாளில் பொரித்தது. பெட்டைக்கோழியாய் வளர்ந்து நான்காண்டு என் குளியலறையை ஆண்டது. ஏன் சொல்லவில்லை? அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். பயம். வேறு அழகான காரணம் இல்லை. தம்பி, மன்னித்துவிடு, மனம் வராவிட்டால் வேண்டாம்.

இதோ என் வாக்குமூலம். அந்த வரியை எழுதியவர் அடித்துக் கையெழுத்திட்டால் போதும். தலைவர் அவர்களே, விழித்துவிட்டீர்களா? மணி நாலரை. தயங்காதீர்கள். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "இந்த மாதிரி ஆம்லெட் எங்கேயும் சாப்பிட்டதில்லைம்மா" என்று இரண்டாவதும் கேட்டு வாங்கினீர்களே? அது பதினேழு இட்ட முட்டை.

பேனா இதோ. கேட்ட செவிகளுக்கு நன்றி. விரல் பத்தும் கூப்பி வணக்கம்.