பார்பரம்மா கோயில் கவண்

— கிளாரன்ஸ் அங்கிள், நேத்து இந்தக் கவண் மெஷின் மாதா சொரூபம் வெச்ச கெபியைப் பாத்துனு இருந்துச்சு. இன்னிக்கி ரோட்டைப் பாத்துனு கீது. எதுக்குத் திருப்பினீங்க?

— காத்துப்பா டக்ளஸ், காத்து. கெபி பக்கம் போட்டா பூவெல்லாம் நம்ம மூஞ்சியிலயே வந்து வுழும். நான் வெச்சா வெச்ச எடம்தான். நீ கயித்தைப் பாரு.

— ரோட்டுக்கு அந்தாண்ட புரொட்டஸ்டண்ட் கோயில் கீதே.

— இருக்கட்டுமே. நாளைக்குக் கொடியேத்தம். கொடி மேல போறப்ப கொடிமரத்துக்கு மேல பூ பறக்கணும். அவ்ளோதான் கணக்கு. வேட்டு வேணாம்னு ஃபாதர் சொல்லிட்டாரு. வேட்டு இல்லாம பார்பரம்மா திருவிழாவா? சுரங்கக்காரனுக்கும் அந்தம்மாதான் பாதுகாவலி, பீரங்கிக்காரனுக்கும் அந்தம்மாதான். அதான் யோசிச்சேன். பீரங்கி வர்றதுக்கு முன்னாடி கோட்டையை இன்னாத்தால ஒடச்சான்? இதாலதான். குட்டைப் பக்கம் பாரம், நெட்டைப் பக்கம் கவண். சுரங்க ஷாஃப்ட்ல ஆளு போற கேஜ் ஒண்ணு எறங்கினா இன்னொண்ணு ஏறுமே, அதே வேலை. கேரண்டியா போவும்.

— மொதல்ல மண்ணு மூட்டை வெச்சுப் பாத்துடலாம் அங்கிள்.

— பாரு, பாரு. தள்ளி நில்லு. ஒண்ணு, ரெண்டு...

— ஐயோ.

— எங்க போச்சு?

— பின்னாடி அங்கிள். கொய்யா மரத்துல.

— அது மண்ணோட தப்பு.

— இல்ல அங்கிள், கவணை மாட்டற நுனிக் கொக்கி நேரா கீது. கவணை சீக்கிரம் வுட்டுடுது. கொஞ்சம் முன்னால வளைச்சா புடிச்சு வெச்சு அப்பால வுடும்.

— நானும் அதையேதான் சொல்ல வந்தேன். ஷைலா, டீயை இப்டி வெய்ம்மா. இது டக்ளஸ். பேத்தமங்களா கோயில் பங்கு. ஒரு வாரமா நமக்கு ஒத்தாசை பண்றான்.

— வணக்கம்.

— வணக்கம்ங்க.

— இவ கீறாளே தம்பி, என் பொண்ணு. பெங்களூர் ரயில்ல போயி வர்றா. அதுல எவனோ ஒருத்தனைப் பாத்து வெச்சிருக்கா. எதிர் கோயில்காரனாம். பேரு கேட்டா வாயே தொறக்க மாட்டேன்றா.

— டாடி, இங்க எதுக்கு அதெல்லாம்?

— தம்பி நம்ம ஆளுதானே. கேளு தம்பி, கேனன்னு ரெண்டு கீது. ஒண்ணு குண்டு போடற பீரங்கி. இன்னொண்ணு எங்க திருச்சபைச் சட்டம். வேற சபைப் பையன்னா, சட்டப்படி ஆயருகிட்ட பர்மிஷன் வாங்கணும். அந்தக் கேனனை ஃபாதர் பாத்துப்பாரு. எங்கிட்ட நேரா வந்து நின்னான்னா மத்த கேனன்தான். எங்க வூட்டுப் பொண்ணுக்குப் பூ வெச்சு நிச்சயம் பண்றதுன்னா எங்க பங்குக்காரன்தான் வந்து வெக்கணும். இரு, சுத்தி எடுத்துனு வரேன்.

— போயிட்டாரு. டக்ளஸ், உனக்கு மூளை இருக்கா? வேலைக்கு வந்த மொத நாளே மாட்டியிருப்ப.

— நான் இன்னா பண்ணேன்?

— ரெண்டு பேரும் பரலோக மந்திரம் சொன்னீங்களாமே. அவரு ஆமென் சொல்லி முடிச்சிட்டாராம், நீ இன்னும் சொல்லினு இருந்தியாம். ‘ராஜ்யமும் வல்லமையும்’னு வர்ற அந்தக் கடைசி வரி உங்க கோயில்லதான். பூசையில அந்த எடத்துல நாங்க நிறுத்திடுவோம். போதாக்குறைக்கு ‘ஜெபம்’, ‘ஜெபம்’னு வேற. நாங்க ‘செபம்’னுதான் சொல்லுவோம்.

— பேத்தமங்களாவுல அப்டித்தான்னு சொல்லிட்டேன். நம்பிட்டாரு.

— ப்ளீஸ், இன்னிக்கி கரெக்டா நிறுத்திடு. திருவிழா முடியட்டும். அவரு குஷியா இருக்கறப்ப நான் சொல்றேன்.

— ஒரு வாரமா என்னைத் திட்டறதை நானே கேட்டுனு, ஆமா அங்கிள், ஆமா அங்கிள்னு தலையாட்டறேன் ஷைலா. எனக்கே அசிங்கமா கீது.

— வர்றாரு, சும்மா இரு.

— இன்னா குசுகுசுன்னு?

— கொக்கியைப் பத்தி கேட்டாங்க அங்கிள். குடுங்க சுத்தியை... ஆங், இவ்ளோ வளைஞ்சா போதும்.

— இப்ப மண்ணு வேணாம். அந்த செவ்வந்தி மூட்டையைக் கட்டு. ஷைலா, நீயும் நில்லு. ஒரு பரலோக மந்திரம் சொல்லிட்டு இழுப்போம். தம்பி, நீ சத்தமா சொல்லு, நாங்க கூட வர்றோம்.

— ...தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்.

— ஆமென்.

— ஆமென். டக்ளஸ், போதும். நிறுத்துங்க.

— ...ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே. ஆமென்.

— இன்னா தம்பி, இன்னிக்கும் தாண்டிப் போயிட்ட?

— தெரிஞ்சேதான் போனேன் அங்கிள். நான் பேத்தமங்களா இல்ல. இதே சாம்பியன் ரீப்ஸ்தான், எதிர் கோயில். ஷைலா சொன்ன பையன் நான்தான். கொக்கி வேலை முடிஞ்சிடுச்சு. போன்னா போயிடறேன். ஆனா நாளைக்கு எங்கப்பா அம்மாவை இட்டுனு நேரா உங்க வூட்டு வாசல்ல வந்து நிப்பேன்.

— டாடி, ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் அவரை...

— கயித்தை இழு.

— அங்கிள்?

— பூவைக் கட்டிட்டு நின்னுனு இருந்தா எப்டி? இழு தம்பி.

— ஒண்ணு, ரெண்டு... வுட்டேன்!

— டாடி, பாருங்க. கொடிமரத்துக்கு மேல.

— நான் சொல்லல, கேரண்டின்னு? எங்க வுழுந்துச்சு?

— ரோட்டைத் தாண்டி... எங்க கோயில் வாசல்ல அங்கிள். பாஸ்டர் தலையெல்லாம் பூ. நான் போயி சாரி சொல்லிட்டு வந்துடறேன்.

— இன்னாத்துக்கு சாரி? மொறைப்படி மாப்பிள்ளை வூட்டுக்காரங்கதான் பூ கொண்டாந்து வெக்கணும். நீ மொத நாள் அந்த வரியை சொன்னப்பவே நீதான் அந்தப் பையன்னு தெரிஞ்சுபோச்சு. எப்பத்தான் வாயைத் தொறப்பேன்னு நானும் ஒரு வாரமா திட்டித் திட்டிப் பாத்தேன். இனிமே தாங்காது, நம்ம பூவே மொதல்ல போவட்டும்னுதான், காலையில மெஷினை உங்க கோயில் பக்கம் திருப்பி வெச்சேன்.